அல்லி விரிகிற நேரம்

அன்புள்ள நோராவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் ஆனேக்கலில் டீச்சராக இருக்கும் நம் மாடிவீட்டு குளோரியாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கல்யாண நாளுக்கு நான் வாங்கிவந்த சிவப்பு அல்லி, மொட்டைமாடித் தொட்டியில் மூன்று மாதமாக மொட்டாகவே நின்றதல்லவா? தினமும் மதியம் சாப்பிட்டதும் ஏறிப் போய்ப் பார்த்தேன். நர்சரிக்காரரோடு சண்டை போட்டேன். கடைசியில், நீதான் சோப்புத் தண்ணீரை ஊற்றிக் கெடுத்தாய் என்றேன். நீயும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆனேக்கலில் இருக்கும் உன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாய்.

நேற்று இருட்டிய பிறகுதான் காயப்போட்ட துணி ஞாபகம் வந்தது. எடுக்கப் போனால், தொட்டியில் பூ சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து நிற்கிறது!

குளோரியாவைக் கத்திக் கூப்பிட்டேன். அவள் அசரவே இல்லை.

"இது ராத்திரிப் பூ அங்கிள். சாயங்காலம் விரிஞ்சு, மறுநாள் வெயில் ஏறினதும் மூடிக்கும். ஆன்ட்டி டெய்லி இங்க உக்காந்து பார்ப்பாங்களே!"

"எங்கிட்ட மட்டும் ஏம்மா சொல்லல?"

"நானும் கேட்டேன். 'அவரு டிவிய ஆஃப் பண்ணிட்டு ஒருநாள் என்னைத் தேடிட்டு வரட்டும், அப்பத் தெரியும்'னாங்க."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது மணிச் செய்தி போனதே தெரியவில்லை.

ஒரு பூ நாலு ராத்திரிக்கு மேல் தாங்காதாம். இதற்கு நேற்றுதான் முதல் ராத்திரி. உன்னை வா என்று நான் சொல்லவில்லை. பூவின் விவரத்தைச் சொன்னேன், அவ்வளவுதான். குளோரியா நாலு மணிக்கு ஸ்கூட்டரில் திரும்புகிறாள். அவளிடம் இன்னொரு ஹெல்மெட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்