எங்கள் இதழில் யாரும் சாகவில்லை

ஜனவரி 9, வியாழன்

வெள்ளிவிழா இதழுக்குத் தலையங்கம் எழுத வேண்டும். தலைப்பை ஆசிரியர் குழுவே கொடுத்துவிட்டது: ‘நம் அறுவை மருத்துவ இதழின் வளர்ச்சியும் வருங்காலப் பாதையும்’. ஆசிரியர் நான் என்பதால் தப்பிக்க வழியில்லை.

வளர்ச்சியைப் பார்க்கப் பழைய இதழ்களைப் புரட்டினேன். இருபத்தைந்து ஆண்டுகள், எண்ணூற்றுச் சொச்சம் கட்டுரைகள். எல்லா நோயாளிகளும் பிழைத்திருக்கிறார்கள். பெரும்பாலோர் ஏழாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக அறுத்துக்கொண்டிருக்கும் நான் இப்படி ஓர் ஊரைப் பார்த்ததில்லை.

ஜனவரி 10

இதழின் அலுவலகம் என்பது மருத்துவமனை நூலகத்தின் பின்னறையில் ஒரு மேசை, ஓர் அலமாரி, ஓர் அம்மாள். கட்டுரையில் யார் ஒரு காற்புள்ளியை விட்டாலும் கண்டுபிடித்துவிடுவதால் அவருக்குக் ‘காற்புள்ளி’ என்று பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும்.

“இதை யாராவது படிக்கிறாங்களாம்மா?” என்று கேட்டேன்.

“எழுதினவங்க படிக்கிறாங்க சார். அவங்க பேரு வந்த பக்கத்தை மட்டும்.”

ஜனவரி 23

குழுக் கூட்டம். தவறுகளுக்கு ஒரு பகுதி தொடங்கலாம் என்றேன். ஒவ்வொரு இதழிலும் ஒரு மருத்துவர், தன் பெயர் போட்டு, தான் செய்த ஒரு தவறு. எல்லோரும் தட்டிலிருந்த பிஸ்கட்டையே பார்த்தார்கள்.

“அருமையான யோசனை சார்,” என்றார் துணை ஆசிரியர். “முதல்ல யாரு?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஜனவரி 26

எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன், தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி. பித்தப்பையில் கல். வயிற்றை மூடும் நேரத்தில் நர்ஸ் சொன்னார், “ரத்தம் ஒத்துற துணி ஒண்ணு குறையுது டாக்டர்.” “ஒழுங்கா எண்ணத் தெரியாதா?” என்று கத்தினேன். மறுபடி எண்ணினார். சரியாக இருந்தது. நான் கத்தினால் எல்லாமே சரியாக இருக்கும்.

எட்டு மாதம் அந்த அம்மா வலியில் கிடந்தார். கடைசியில் நானே மறுபடி திறந்தேன். துணி உள்ளே இருந்தது. அறையில் இருந்த நான்கு பேரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கண் விழித்தவரிடம், “குடல் ஒட்டிக்கிட்டிருந்துச்சும்மா, பிரிச்சு விட்டுட்டோம்” என்றேன். ஒரு வாரம் கழித்துப் பழம் வாங்கி வந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 27

காற்புள்ளி கட்டுரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிழை ஏதும் இல்லையாம்.

“நோயாளி கையெழுத்து எங்க சார்?”

விதி: நோயாளியோ, அவர் இல்லாவிட்டால் வீட்டாரோ, படித்துப் பார்த்துக் கையெழுத்திடாத எதுவும் அச்சேறாது. அந்த விதியைக் கொண்டுவந்தது நான். அதற்காகக் கைதட்டல் வாங்கியவனும் நான்.

“பேரே போடலையேம்மா.”

“போடாட்டியும் வேணும்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க.”

“அப்போ அவங்ககிட்ட இதைச் சொல்லணுமே.”

“ஆமா சார்,” என்றார், அடுத்த கட்டுரையை எடுத்துக்கொண்டே.

பிப்ரவரி 2

போகவில்லை.

பிப்ரவரி 5

போகவில்லை. வெளிநோயாளிகள் கூட்டம். (பொய். மதியமே காலி.)

பிப்ரவரி 8

மனைவியிடம் சொன்னேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“பதினோரு வருஷமா இதை வெச்சுக்கிட்டு எப்படிங்க சாப்பிட்டீங்க, தூங்கினீங்க?”

நன்றாகவே சாப்பிட்டேன். நன்றாகவே தூங்கினேன்.

“வேலை போயிடலாம்,” என்றேன்.

“போனா போகட்டும். நாள் பூரா நீங்க வீட்டுல இருந்தா கஷ்டம் எனக்குத்தான்.”

பிப்ரவரி 11

போனேன்.

“டாக்டரய்யா! வாங்க, உக்காருங்க,” என்று துணிக்குவியலை ஒதுக்கி ஸ்டூல் போட்டார். மூலையில் அவர் மகள் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். கட்டுரையைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“அப்போ குடல் ஒட்டலையா?”

“இல்லம்மா.”

“அந்த நர்சு பொண்ணு எண்ணிச் சொல்லியிருக்கு.”

“சொன்னாங்க.”

மேசையில் இருந்த குண்டூசி டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். “ஒரு சட்டை தைச்சாக்கூட இதை எண்ணிப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். போட்டுக்கிறவங்களுக்குக் குத்திடக் கூடாதுல்ல.”

“மன்னிச்சுடுங்கம்மா.”

“அதை அப்புறம் பாத்துக்கலாம்.” கடைசி வரியில் விரலை வைத்தார். ‘நோயாளி முழுமையாகக் குணமடைந்தார்.’ “இது யாரு?”

“நீங்கதான்.”

“எட்டு மாசம் என்னால எந்திரிக்க முடியல. இவ படிப்பை விட்டுட்டு வந்து அந்த மெஷின்ல உக்காந்தா. இன்னும் அதுலயேதான் உக்காந்திருக்கா. அது எங்க இதுல?”

மெஷின் நின்றது. மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அதையும் எழுதிட்டு வாங்க. பாதி எழுதினதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

பிப்ரவரி 12

ஒன்றரைப் பக்கம் நான்கு பக்கமாகிவிட்டது. அந்தப் பொண்ணுக்கு அப்போ என்ன வயசு — பதினாறா, பதினேழா? நான் கேட்கக்கூட இல்லையே. கத்தினதுக்குப் பதிலா ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நின்னிருந்தா? ச்சே, என்ன மனுஷன் நான்.

பிப்ரவரி 14

அம்மாவும் படித்தார், மகளும் படித்தாள். பேனாவைத் தேடி எடுத்துக் கொடுத்தது மகள். கையெழுத்து ஆயிற்று. மன்னிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏப்ரல் 3

இதழ் வந்துவிட்டது. தலையங்கம் இரண்டே வரி. ‘வளர்ச்சி: எண்ணூற்றுச் சொச்சம் வெற்றிகள். வருங்காலப் பாதை: நாற்பத்தோராம் பக்கம் பார்க்க.’

ஏப்ரல் 10

நிர்வாகத்தின் கடிதம். விசாரணை முடியும்வரை அறுவை அரங்கினுள் கால் வைக்கக் கூடாது. துணை ஆசிரியர் போனில், “இதுக்குத்தான் சார் அப்பவே சொன்னேன்” என்றார். எனக்கு நினைவிருப்பது ‘முதல்ல யாரு’தான்.

மே 20

தவறுகள் பகுதிக்கு வந்தவை: ஒன்றுமில்லை. வெற்றிகள்: பதினெட்டு. விசாரணை நடக்கிறது. மனைவி சொன்னபடியே கஷ்டப்படுகிறாள்.

ஜூலை 2

காற்புள்ளி ஒரு ஃபைலை மேசையில் வைத்தார். “தவறுகள் பகுதிக்கு சார். அஞ்சு.”

கட்டுரைகளைப் படிக்கவில்லை. முதலில் ஒவ்வொன்றின் கடைசித் தாளைத் திருப்பினேன். கையெழுத்து. கையெழுத்து. கைநாட்டு. கையெழுத்து. நான்கு பேர் எங்கெங்கோ போய் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்தாவது துணை ஆசிரியருடையது. அதில் நோயாளியின் கையெழுத்து இல்லை. கீழே, உறவுமுறை என்ற இடத்தில், ‘மகன்’ என்றிருந்தது.

இருபத்தைந்து ஆண்டுகளில் எங்கள் இதழில் இறந்த முதல் ஆள்.

“நாம பேரு போடுறதில்லையே சார். ஆனா அப்பா பேரைப் போடணும்னு அந்தப் பையன் ஓரத்துல எழுதிக் கேட்டிருக்காரு,” என்றார் காற்புள்ளி. “விதியில இல்ல.”

போடச் சொல்லிவிட்டேன்.