மில் மாடியில் கட்டிய வாழைக்கன்று

இதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று அன்றைக்கே சொன்னவன் நான். இன்று காலை நம் மில் மாடியிலிருந்த வெள்ளை டிஷ்ஷைப் பழைய இரும்புக் கடைக்காரர் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அருப்புக்கோட்டையிலேயே அதன் அருமை தெரிந்தவர்கள் இரண்டே பேர். நீ போய்விட்டாய், மிச்சம் நான்.

காலையில் நீ டிஷ்ஷின் மெஷினைப் போட்டால் ஐந்தே நிமிடத்தில் அது சாட்டிலைட்டைப் பிடித்துவிடும். சென்னை ஆபீஸின் நூல் ஆர்டர் வந்து விழும். அந்த வருடம் ஆயுத பூஜைக்குப் பிறகு, முக்கால் மணி நேரமாகியும் பச்சை விளக்கு எரியவில்லை. "பத்து நாள்ல சரி பண்ணு, இல்லாட்டி வேற ஆளப் பாக்கேன்" என்றார் மேனேஜர். நீ கேபிளை மாற்றினாய், ஜாயின்டுகளைத் துடைத்தாய், கரண்டை அளந்தாய். சிக்னல் வழி தவறிக் குமாரலிங்கபுரத்தில் இறங்குகிறது என்று முதலில் கண்டுபிடித்தது பிட்டராக இருந்த நான்தான்.

"ஏலே, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரு வந்தது, அங்க யாரு வீட்டு விருந்துக்குலே எறங்குது?" என்று சிரித்தாய். ஆனாலும் மாடியேறி டிஷ்ஷைக் கையால் மெல்லத் தள்ளிப் பார்த்தாய். மீட்டர் முள் ஏறியது.

"ஒரு நூலளவு திரும்பிருக்கு மாப்ள!" என்றாய்.

நேராக்கி நட்டை முறுக்கினாய், விளக்கு எரிந்தது. மேனேஜர் மட்டும் விடவில்லை: "நட்ட லூசா விட்டது யாரு?" அந்த நட்டு உன் பொறுப்பு. ஆனால் பூஜையன்று டிஷ்ஷின் கம்பியில் ஆளுயர வாழைக்கன்றை இழுத்துக் கட்டி, மூன்று நாள் காற்றில் ஆடவிட்டவன் நான். பக்கத்தில்தான் நின்றேன். ஊரையே விற்கும் என் வாய் அன்று திறக்கவில்லை. உனக்கு வேலை போனது.

பிறகு பந்தல்குடியில் ரேடியோ ரிப்பேர் பார்த்தாய். மதுரை ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது ஓடிவந்து, உன் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கு அன்னைக்கே தெரியும்லே. பெரிய இவரு, இதச் சொல்லவா பஸ்ஸு ஏறி வந்த?" என்று சிரித்தாய்.

உன் வீட்டுக்காரியிடம்கூட இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவளும் நம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் மாப்ள, நான் வார்டுக்குள் நுழைந்தபோது உன் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நீ சிரித்தது நான் கட்டிய கதை. சொல்ல வந்ததை அப்படியே திருப்பிப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.