அதே பெயரில் இன்னொருவன்

மகனுக்கு,

வீட்டு முகவரி தெரியாததால் உன் ஆபீசுக்கு எழுதுகிறேன்.

பழைய தளத்தில் உன் கணக்கை மூடிவிட்டு நீ போன புது சமூக வலைத்தளத்துக்கு நானும் வந்தேன். அங்கே எல்லாரும் ஒரே இடத்தில் இல்லையாம், தனித்தனி சர்வர்களாம்; ஒவ்வொன்றிலும் அதே பெயரில் வேறொருவர் இருப்பாராம். எனக்கு எங்கே தெரியும்? உன் பெயரைத் தேடிப் பிடித்தேன். எல்லாம் ரொட்டி சுடும் படங்கள். பிள்ளை வயிற்றைக் காயப்போடவில்லை என்று எல்லாவற்றுக்கும் ஹார்ட் போட்டேன். "அப்பா போய்ச் சேர்ந்துட்டார், அவர் அறையைக் காலி பண்ணிட்டேன். இனி உன்னைத் திட்ட ஆளில்லை, வாடா" என்றும் எழுதினேன்.

"அம்மா, நான் உங்க பையன் இல்லைங்க" என்று பதில் வந்தது.

அவமானத்தில் போனைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் அவனே கேட்டான்: "சாப்பிட்டீங்களாம்மா?" இப்போது தினமும் கேட்கிறான்.

நீ எந்த சர்வரில் இருக்கிறாய் என்று மட்டும் சொல். யாரோ பெற்ற பிள்ளையிடம் தினமும் "சாப்பிட்டேன்" என்று பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா