நான் எழுதிக் கொடுத்த டாக்டர்

ஏப்ரல் 20

அன்பு மகள் சல்கினுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா, நான், மாடு இரண்டு, இதுவரை பிறந்த முப்பத்தாறு ஆட்டுக்குட்டிகள் எல்லோரும் ஆண்டவன் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வெளியே போகும்போது தொண்டையை மூடிக்கொண்டு, காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். தினம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் பேசுவதெல்லாம் உன் அப்பா காதுக்கும் சேர்த்துப் பேசுவது, அது உனக்கே தெரியும். இதை உன் சித்தி மகள் குல்சாரா கஸானுக்குத் திரும்பி வரும்போது கையில் கொடுத்து அனுப்புகிறேன், உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன், பிரித்த மாதிரி இருந்தால் எனக்குச் சொல். மூன்று தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எனக்கு ரொம்ப அசதியாக இருக்கிறது சல்கின், உடம்பு அசதி தூங்கினால் போகும், இது பொய் சொல்லிச் சொல்லி வந்த அசதி.

டிசம்பரில் நீ டாக்டர் படிப்பை நான்காம் வருஷத்தில் விட்டுவிட்டு டிராம் ஓட்டப் பழகுகிறேன் என்று சொன்னபோது நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, உங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே, நெஞ்சு வெடிச்சுச் செத்துடுவாரு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து நாலு மாதமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை எனக்கு. உன் அப்பா கடைக்குப் போனால் டாக்டர் அப்பா, மசூதிக்குப் போனால் டாக்டர் அப்பா. அடுத்த வீட்டு சோனுன் ஜனவரியில் முழங்கால் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள், இதப் போட்டோ புடிச்சு உங்க பொண்ணுக்கு அனுப்புங்க, நம்ம புள்ள பார்த்துச் சொன்னா எனக்கு நிம்மதி என்றாள். வேறென்ன செய்வேன், அனுப்புகிறேன் என்று சொல்லி, மறுநாள் நானே வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுகிறாள், இரண்டு கிலோ இளைக்கச் சொல்லுகிறாள் என்று சொன்னேன். அந்தப் பாவி மகளுக்கு வலி குறைந்து தொலைத்துவிட்டது. அதிலிருந்து வாரத்துக்கு ஒருத்தியை அனுப்பி வைக்கிறாள், நான் ரத்த அழுத்தத்துக்கும் வாயுவுக்கும் உன் பெயரில் வைத்தியம் பார்த்தேன். பிப்ரவரியில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தபோது, உடனே நரின் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடு, சல்கின் கத்துறா என்று விரட்டினேன். பிழைத்துக்கொண்டார். அதற்கும் பெயர் உனக்குத்தான்.

இதற்கு நடுவில் பள்ளிக்கூடத்தில் என் இங்கிலீஷ் வகுப்புக்குத் திறந்த பாடம் வந்தது. ஓய்வு பெறுவதற்குள் மேல் தகுதிச் சான்று வாங்கிவிட வேண்டும் என்று தலைமையாசிரியர் பிடித்த பிடி, மாவட்டத்திலிருந்து ஆள் வந்து உட்கார்ந்து பார்க்கும். பாடம் என்ன தெரியுமா, என் விருப்பங்களும் வருங்கால வேலையும். உனக்கு நடத்திய அதே பாடம்தான், அதே பழுப்பு நோட்டு. வழக்கம்போல மூன்று வாரம் ஒத்திகை. ஒன்பதாம் வகுப்பில் பத்தொன்பது பேர், வேலைகளை நான்தான் பங்கு போட்டுக் கொடுத்தேன், டாக்டர் நாலு, வக்கீல் மூன்று, விமானி இரண்டு, சுங்க அதிகாரிக்கு மட்டும் அடிதடி, கடைசியில் அஞ்சு பேருக்குக் கொடுத்து அமைதிப்படுத்தினேன். எங்கேயும் அஞ்சு சுங்க அதிகாரி ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆசிரியர் வேலையை ஒருத்தரும் தொடவில்லை, டீச்சர் எஜே, உங்களப் பார்த்த பிறகுமா என்று ஒரு வாலு கேட்டது, என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. விருப்பம் எல்லோருக்கும் ஒன்றேதான், புத்தகம் படிப்பது. நம் ஊர் நூலகக் கூரை விழுந்து ஒன்பது வருஷம் ஆகிறது, இருந்தாலும் பத்தொன்பது பேரும் எனக்குப் புத்தகம் படிக்க ரொம்பப் பிடிக்கும் என்று கிளிப்பிள்ளை மாதிரி இங்கிலீஷில் ஒப்பிக்கிறார்கள், நானும் முப்பத்தொரு வருஷமாக அதைக் கேட்டுத் தலையாட்டுகிறேன். கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும், பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. நீயும் அப்படித்தானே தூக்கினாய்.

புதன்கிழமை வந்தவள் ராசியா துர்தாலியெவ்னா என்று ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், குளிருக்குக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னான், வக்கீல் சொன்னாள், எல்லாம் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவள் எழுந்து, நானும் இருபது வருஷம் வகுப்பெடுத்தவதான் ஜூராகான், இந்தக் கை வித்தையெல்லாம் எனக்கும் தெரியும், இடது கைக்காரங்கள நான் கேட்கிறேனே என்றாள்.  நேராக அக்மாரலைக் கைகாட்டினாள். அக்மாரல் யாரென்றால் மேட்டுத் தெருக் கடைசி வீட்டுப் பெண், ஒன்பது பேர் உள்ள வீடு, நான் வேலைகளைப் பங்கு போட்ட அன்று வீட்டில் ஆடு குட்டி ஈனுகிறது என்று வராமல் போனவள், அதனால் மிஞ்சிப்போன ஆசிரியர் வேலை அவள் தலையில் விழுந்தது. உனக்கு என்ன பிடிக்கும், நீ என்ன ஆகப் போகிறாய் என்று ராசியா இங்கிலீஷில் கேட்டாள். அந்தப் பெண் எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். நம் பாஷையிலேயே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, எஜே, நீங்க குடுத்ததச் சொல்லவா, என்னோடதச் சொல்லவா என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, எந்த நோட்டைத் திறக்க என்று கேட்பது போலத்தான் கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

உன்னோடதச் சொல்லு என்று ராசியா சொல்லிவிட்டாள். அந்தப் பெண் ஆரம்பித்தாள், அது என்ன இங்கிலீஷ் என்கிறாய், வினைச்சொல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். எனக்குப் பிடிக்கும் தண்ணி, தண்ணி போகுது, நான் பின்னால போகுது, எல்லா ஆம்பளையும் மண்வெட்டி வெச்சுக் கத்துறான், மதகு ஆள் கத்தாது, அவன் கையில சாவி, நான் அந்த ஆள் ஆகணும். இந்த மாதிரி. வாய்க்கால் மதகைத் திறந்து வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஆளுக்கு இங்கிலீஷில் என்ன சொல் என்று தெரியாமல் இரண்டு கையாலும் பலகையைத் தூக்குகிற மாதிரி காட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள், எனக்கும் தெரியவில்லை. பத்தொன்பது வகையாக டாக்டரும் சுங்க அதிகாரியும் தெரிந்த எனக்கு, நம் வீட்டு வாசலில் கோடைக்குக் கோடை வந்து நிற்கிற மனுஷனுக்குப் பெயர் தெரியவில்லை. பையன்கள் சிரித்தார்கள், பொம்பளை மதகுக்காரியா, தண்ணி உன் பேச்சைக் கேட்குமா என்றான் ஒருத்தன். உன் பேச்சையே கேட்காத மாட்ட விடவா என்றாள் இவள், அதுவும் இங்கிலீஷில்தான், எல்லோருக்கும் புரிந்தது. முப்பத்தொரு வருஷத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளை தனக்குச் சொல்ல இருந்ததை இங்கிலீஷில் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான் சல்கின். ராசியா தன் தாளில், பாடம் முன்னாலேயே ஒத்திகை பார்க்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். சான்று கிடைக்காது. தலைமையாசிரியர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது போகட்டும்.

என்னை வாட்டுவது வேறு. நீ ஒன்பதாவது படிக்கும்போது உனக்கும் நான்தான் எழுதிக் கொடுத்தேன், மக்களுக்குச் சேவை செய்ய நான் டாக்டராக விரும்புகிறேன் என்று, பதினாலு வரி. உன் உச்சரிப்பு நன்றாக இருக்கும், டாக்டர் வரிகள் கேட்க எடுப்பாக இருக்கும், அதற்காகத்தான் அந்த வேலையை உனக்குக் கொடுத்தேன், வேறு ஒரு காரணமும் இல்லை, ஆண்டவன் மேல் ஆணை. நீ மாவட்டப் போட்டியில் ஒப்பித்து முதல் பரிசு வாங்கினாய், அப்பா அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினார், அன்றைக்கே ஊருக்கு நீ டாக்டர் ஆகிவிட்டாய். அதன் பிறகு உன்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அக்மாரல் மாதிரி உனக்கு வாய் இருந்திருந்தால் நீயும் கேட்டிருப்பாய், நீ என் பேச்சைத் தட்டாத பிள்ளையாகப் போய்விட்டாய். தப்பு என்னுடையது. உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இத்தனை வருஷம் கழித்துக் காகிதத்தில் சொல்லுகிறேன், மன்னித்துக்கொள் கண்ணு.

அதனால் வியாழக்கிழமை பள்ளி விட்டதும் நேரே ஆட்டுக் கொட்டகைக்குப் போனேன். உன் அப்பா ஒரு தலையீற்று ஆட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், வயிற்றுக்குள் குட்டி குறுக்கே கிடந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், சல்கின் படிப்பை விட்டுட்டா, டிசம்பர்லயே விட்டுட்டா, டிராம் ஓட்டுறா, நாந்தான் மறைச்சேன் என்று. அவர் நிமிரவில்லை, அந்தக் கயித்த எடு என்றார். எடுத்துக் கொடுத்தேன். குட்டி வந்தது, துடைத்தார், தாயிடம் விட்டார், கையைக் கழுவினார், போய்விட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு பேச்சு வார்த்தை கிடையாது, தேநீர்க் கிண்ணத்தை நீட்டுவார், ஊற்றினால் குடிப்பார், அவ்வளவுதான். வெள்ளியும் சனியும் நீ போன் செய்து அப்பா எங்கே என்று கேட்டாயே, தீவனம் போடப் போயிருக்கார் என்றேனே, பக்கத்தில்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பயந்தே போனேன். முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் மனசு அந்த மூன்று நாளும் எனக்குக் கொஞ்சமும் பிடிபடவில்லை.

நேற்று சோனுன் வீட்டில் பேரனுக்குத் தொட்டில் விருந்து. ஊரே உட்கார்ந்திருந்தது. கறி வெந்து எலும்பு பங்கு வைக்கும்போது சோனுன் வீட்டுக்காரர் மரியாதைக்கு வைக்கிற பெரிய இடுப்பெலும்பை எடுத்து, இது நம்ம டாக்டரோட அப்பாவுக்கு என்று சொல்லி இரண்டு கையாலும் உன் அப்பா முன்னால் வைத்தார்.  உன் அப்பா அந்தத் தட்டைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்தினார். இத வேற யாருக்காவது குடுங்க, எம் மக டாக்டரு இல்ல, டிராம் ஓட்டுறா, நான் டிராம் ஓட்டுறவளோட அப்பன் என்றார். சத்தமாகத்தான் சொன்னார். சோனுன் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும் வரை மறக்க மாட்டேன், தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள் பாவம். சோனுன் வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார், ஏன், டிராம் ஓட்டுறவளோட அப்பனுக்குப் பல்லு கில்லு இல்லையா, ஆறிப் போகுது, தின்னுங்க என்று தட்டை மறுபடியும் தள்ளிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், உன் அப்பாவும் கத்தியை எடுத்தார்.

ஊர் பேசாமல் இருக்காது, பேசும், இன்று காலையே கடையில் இரண்டு பேர் நான் போனதும் பேச்சை நிறுத்தினார்கள். பேசட்டும், நான் இனிமேல் யாருக்கும் ஒத்தடம் சொல்லப் போவதில்லை. வகுப்பிலும் நோட்டை மூடி வைத்துவிட்டு உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பாதிப் பேர் தெரியாது என்கிறார்கள், ஒருத்தன் தூங்கப் பிடிக்கும் என்கிறான், ஒருத்தருக்கும் சொல் போதவில்லை, அகராதியைப் புரட்டிப் புரட்டி என் கண்தான் போகிறது. இந்த வயதில் புதிதாகப் பாடம் நடத்துவது முதுகில் கல் சுமக்கிற மாதிரிதான் இருக்கிறது. டிராமில் உனக்கு என்ன பிடித்தது என்று நான் இதுவரை கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன். பதினாலு வரி வேண்டாம், எப்படி வருகிறதோ அப்படி எழுது, தப்பு கண்டுபிடிக்க மாட்டேன். குல்சாராவிடம் உலர்ந்த தயிர் உருண்டையும் ஆட்டு ரோமக் காலுறை இரண்டு ஜோடியும் கொடுத்திருக்கிறேன், யாருக்கும் தானம் செய்துவிடாதே. உனக்கு நீண்ட ஆயுளும், போகிற வழியெல்லாம் நல்ல மனிதர்களும் அமைய வேண்டும், நீ ஏற்றிக்கொண்டு போகிற ஒவ்வொருத்தரும் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. நேற்று விருந்து முடிந்து இரண்டு பேரும் வெயிலில் நடந்து வரும்போது, பாதி வழியில், மூன்று நாளைக்குப் பிறகு முதன்முதலாக உன் அப்பா என்னிடம் பேசினார். அந்த வண்டில கால் பக்கம் சூடு வருமான்னு கேளு, அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே காலு சில்லிட்டுப் போகும் என்றார். பதிலை எனக்கு எழுதாதே, அவர் பெயருக்கே எழுது.

உன் அம்மா
ஜூராகான்