பேரளி தாண்டி வந்த தூக்கம்

ஜூலை 4, செவ்வாய்

அகதி முகாமில் இருப்பவர்களைத் தூங்கவிடாமல் செய்வது போர் இல்லை. தலை எண்ணுகிறவர்கள்தான். ஜீப் ஹாரன் கேட்டதும் போட்டது போட்டபடி ஓடிவந்து ஆபீஸ் கொட்டகை முன்னால் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பட்டியலில் பெயரை அடித்துவிடுவார்கள். அதோடு உதவிப் பணம், அரிசி எல்லாம் நிற்கும். என்றைக்கு வருவார்கள், எத்தனை மணிக்கு, சொல்வதில்லை. சொன்னால் என்ன குறைந்துவிடும்? எங்கள் உளவியல் பாடப் புத்தகத்தில் இது ஒரு வரிகூட இல்லை.

காலையிலிருந்து காற்று. வாயெல்லாம் புழுதி. செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்தி நடந்தேன்.

களப்பணி இரண்டாம் வாரம். படிப்பு முடிய ஒருவரையாவது தொடர்ந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு வாய்த்தவர் செல்வராணி அக்கா. (இனி செ. அக்கா.) மன்னாரிலிருந்து படகில் வந்தவர். கணவர் அடுத்த படகில் வருவதாகச் சொல்லிக் கரையில் நின்றார். அவ்வளவுதான் தெரியும். இராத்திரி தூங்குவதே இல்லை. பகலில் கண் அசந்தாலும் உடனே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்.

மேடம் (திருச்சியில் எங்கள் களப்பணியைப் பார்ப்பவர்) கொடுத்த ஜெராக்ஸைப் படித்துக் காட்டினேன். உடம்பைத் தளர்த்தி, கண்ணை மூடி, பயமில்லாத ஓர் இடத்தை மனதில் பார்க்க வேண்டும். உதாரணம்: அமைதியான கடற்கரை.

செ. அக்கா சிரித்துவிட்டார். "பயமில்லாத இடமோ? அப்பிடி ஒண்டு இருந்தா நான் ஏன் பிள்ளை இஞ்ச வாறன்?"

கடற்கரையாம். எவன் எழுதியது?

ஜூலை 6, வியாழன்

இன்றும் காற்று. முகாமில் குழாயில் தண்ணீர் இல்லை. குடங்கள் மட்டும் வரிசையில் நிற்கின்றன, ஆட்கள் நிழலில்.

செ. அக்கா தானாகவே சொன்னார். "யோசிச்சுப் பாத்தன். ஒரு இடம் இருக்கு. பஸ். யன்னல் பக்கம். ஓடிக்கொண்டிருக்கோணும், நிண்டா சரிவராது."

"எந்த பஸ்க்கா?"

"பெரம்பலூர் அரியலூர் பஸ்தான். வேறை எது எனக்குத் தெரியும்? அதிலை இருந்தா நான் ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பேர் கூப்பிட மாட்டினம்."

ஜெராக்ஸில் பஸ் இல்லை. போகட்டும். பாயில் படுக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸை எடுத்தேன். பழைய பஸ் ஸ்டாண்டை விட்டுத் திரும்புகிறது. ஜன்னல் சீட். கால் தளர்கிறது. வெயில் மடியில் விழுகிறது. உழுத கரிசல் காடு. ஒரு வேலிக்கருவை, இன்னொரு வேலிக்கருவை. தோள் தளர்கிறது. எதிரில் சிமெண்ட் லாரி, எல்லாம் வெள்ளை, பிறகு ஒன்றுமில்லை. பேரளி நிறுத்தம். இறங்குகிறவர்கள் இறங்குகிறார்கள். நீங்கள் இறங்க வேண்டாம்.

பேரளி தாண்டியதும் மூச்சு மாறியது. தூங்கிவிட்டார்! கொஞ்ச நேரம்தான். ஒரு ஆட்டோ ஹாரனுக்கு எழுந்துவிட்டார்.

அடுத்த வீட்டுக் கமலா அக்கா வாசலில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறார். "எனக்கும் ஒரு டிக்கட் தாங்கோவன், கண்டக்டர் பிள்ளை!"

ஜூலை 10, திங்கள்

மேகம் கூடிக் கலைந்தது. மழை இல்லை.

நான் தங்கியிருக்கும் அத்தை வீட்டில் இன்று: "கவர்மெண்டு அரிசி குடுக்குது, வூடு குடுக்குது, அப்புறம் என்னடி தூக்கம் வரலங்கிறாங்க?"

அந்த வூட்டில் அத்தை கால் நீட்டினால் சுவர் இடிக்கும் என்றேன்.

"உன்னைப் படிக்க வச்சது ஆளைத் தூங்க வைக்கவா? அதுக்குத் தொட்டில் போதுமே."

அத்தை சாப்பிட்டதும் நன்றாகத் தூங்கினார்.

தினமும் மதியம் பஸ் போகிறது. சனிக்கிழமை ஊர் பெயர் ஒன்றை விட்டுவிட்டேன். கண்ணைத் திறக்காமலே திருத்தினார். என் கனவிலும் அதே பஸ். ஓட்டுநர் இல்லை, டிக்கெட் இல்லை, சீட்டெல்லாம் முகாம் ஆட்கள், வாய் திறந்து தூங்குகிறார்கள். வெளியே காடு முழுக்கப் பஞ்சு பறக்கிறது. நிறுத்தமே வரவில்லை. விழித்தபோது எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. சுகமாக இருந்தது.

வாங்க: ஊக்கு, பேனா. செந்துறைக்குப் போன், அம்மாவுக்கு.

ஜூலை 13, வியாழன்

வெயில். ஆளை அமுக்கும் மதியம்.

பேரளி எப்போதோ தாண்டியாயிற்று. செ. அக்கா ஒருக்களித்து, கன்னத்துக்குக் கீழே கை வைத்து. இவ்வளவு ஆழமாக அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. அப்போது ஜீப் ஹாரன்.

அதற்கும் எழவில்லை. நான் தோளைத் தொடப் போனேன். உள்ளே வந்த கமலா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொடாதை பிள்ளை. முகத்தைப் பார்."

"பேரை அடிச்சிடுவாங்கக்கா."

"நாங்கள் சொல்லுறம். இத்தினை பேர் சொன்னா நம்ப மாட்டினமோ?"

கொட்டகை முன்னால் எல்லோரும். அதிகாரி மேஜைக்கு முன். செல்வராணி என்று கூப்பிட்டார்.

"நித்திரை, சார். அந்த மூண்டாவது வீடு. ஒருக்கா வந்து பாருங்கோ," கமலா அக்கா.

"எழுப்பிட்டு வாங்கம்மா. நான் என்ன வூடு வூடாவா போயி பாக்க முடியும்?"

"எழுப்ப மாட்டம்."

கூட்டத்திலிருந்து இன்னொரு குரல்: "எழுப்ப மாட்டம், சார்." பிறகு பல குரல்கள். கோபமாக இல்லை. குழந்தை தூங்கும் வீட்டில் பேசுவது போல, மெதுவாக.

நான் முன்னால் போனேன். நீங்க யாரு என்றார். களப்பணி மாணவி என்றேன்.

"அப்ப உங்க வேலையப் பாருங்க."

"இதுதான் சார் என் வேலை. தூங்க வைக்கிறது."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அதனால்தானோ என்னவோ, பேனாவை அழுத்திப் பெயரை அடித்தார். வெயிலில் எழுந்து மூன்று வீடு நடக்க முடியாத ஒரு மனுஷன்!

ஜீப் போன பிறகு செ. அக்கா வாசலுக்கு வந்தார். கன்னத்தில் பாயின் கோடுகள். "நல்ல நித்திரை, பிள்ளை. அரியலூரே வந்திட்டுது போலை." தெருவில் புழுதி இன்னும் அடங்கவில்லை. அதைப் பார்த்தார். "பேர் கூப்பிட்டவையோ?"

கமலா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஜூலை 14, வெள்ளி

திருச்சி. மேடம் என் பதிவைப் படித்து முகம் மலர்ந்தார். "பஸ்! எக்ஸலண்ட். தூக்கத்துல நல்ல முன்னேற்றம்னு முடிச்சுரு."

"பேரை அடிச்சுட்டாங்க, மேடம். இந்த மாசம் அரிசி கிடையாது. ஆள் ஓடிப்போயிட்டாங்களான்னு போலீஸ் வேற வரும்."

"அது நிர்வாகம்மா. நம்ம வேலை மனசு. நீ ரொம்ப உள்ள போற."

மனசு தனியாக வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டா இருக்கிறது? கேட்கவில்லை. முன்னேற்றம் என்றும் எழுதவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் பாதி மயக்கம். ஒவ்வொரு ஊரும் நான் பயிற்சியில் சொன்னது போலவே வந்து போனது.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. காற்று பஸ்ஸையே தள்ளுகிறது.

வியாழனுக்குப் பிறகு செ. அக்கா தூங்கவில்லை. பயிற்சி வேண்டாம் என்றுவிட்டார். இன்று நானும் அவரும் பெரம்பலூர் ஆபீசுக்கு, பெயரைத் திரும்ப எழுதச் சொல்ல. பஸ்ஸில் ஜன்னல் சீட்டே கிடைத்தது. வெயில் மடியில் விழுந்தது. சிமெண்ட் லாரி, வெள்ளை, எல்லாம் அப்படியே. அவர் மட்டும் இமை கொட்டாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணை மூடுங்கக்கா. நான் முழிச்சிருக்கேன்."

"வேண்டாம், பிள்ளை. இது நிக்கிற பஸ்."

அதே அதிகாரி. "அன்னிக்கு ஆள் இல்ல."

"இருந்தாங்க சார். பக்கத்துல நான் இருந்தேன். தூங்கினாங்க."

"தூங்கினா இல்லாத கணக்குதான். மனு குடுத்துட்டுப் போங்க, பாக்கலாம்."

"எப்ப சார் பாப்பீங்க?"

கேட்காதது போல் டீயைக் குடித்தார்.

செ. அக்கா என்னை ஒதுக்கிவிட்டு மேஜைக்கு முன்னால் வந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முகாமில் நிற்பது போலவே கையைத் தொங்கவிட்டு நின்றார். பிறகு தன் பெயரைத் தானே கூப்பிட்டார், சத்தமாக. "செல்வராணி!" தானே பதிலும் சொன்னார். "இருக்கிறன்."

ஆபீசில் தட்டச்சு நின்றது. ஒவ்வொரு மேஜையிலும் தலை நிமிர்ந்தது, அந்த ஒருவரைத் தவிர. அவர் அடுத்த தாளை எடுத்தார்.

"சார். முழிச்சுக்கொண்டுதான் நிக்கிறன். எண்ணுங்கோ."

தாள் திரும்பியது.

"எண்ணுங்கோ."