நீங்கள் கடற்கரையில் சொன்ன பொய்

மாமா,

இன்று காலை மகள் தன் பள்ளிச் சீருடைக்குத் தானே இஸ்திரி போட்டாள். தண்ணீர் தெளித்த துணியில் சூடு பட்டதும் எழுமே ஒரு வாசனை, அது கூடமெங்கும் பரவியது. அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், போவதற்கு இடம் எதுவும் இல்லாதபோதும், தினமும் முழுக்கைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்காருவீர்கள்.

அத்தை போன பிறகுதான் சாரம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். உங்கள் மகள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் நம் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பார்த்த கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தேன். குழந்தைக்கு வீசிங். யாராவது ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அவளுடைய வேலை நிரந்தரம், என்னுடையது அப்படியில்லை. எங்களுக்கு அது சுலபமான முடிவுதான். உங்களுக்குத்தான் சுலபமாக இல்லை. நான் துவைத்த துணியை வாளியில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகும்போதெல்லாம் நீங்கள் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்வீர்கள். பகல் முழுக்க அந்த வீட்டில் நாம் இரண்டு ஆண்கள். “கொழம்பு நல்லாருக்கு மாப்ள” என்று உங்கள் வாயிலிருந்து வர நெடுநாள் ஆயிற்று.

சாயங்காலம் ஆனால் பீச்சுக்குப் போய்விடுவீர்கள். ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் வந்தேன். உங்கள் சிநேகிதர், பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிற பெரியவர், என்னைப் பார்த்ததும் எழுந்து பிரெஞ்சுக்காரர் பாணியில் கைகொடுத்து அழைத்தார்.

“வாங்க முசே! எம்.ஏ. எந்த மட்டுல இருக்கு? ஒங்க மாமனாரு தெனம் அதத்தான் சொல்லிக்கினு இருக்காரு.”

நீங்கள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். “போய்க்கிட்டிருக்கு சார்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “ஏன் மாமா அப்பிடிச் சொன்னீங்க?”

“வேற என்னன்னு சொல்றது? எம் பொண்ணு சம்பாரிக்கிறா, மாப்ள சோறாக்கறாருன்னா?”

அதற்குப் பிறகு சில நாள் வேளைக்குச் சாப்பாடு வைத்தேன், நீங்களும் சாப்பிட்டீர்கள், அவ்வளவுதான். நீங்கள் என்னைக் குறைவாக நினைத்ததில்தான் எனக்குக் கோபம் என்று எண்ணியிருப்பீர்கள். உண்மையில், அந்தப் பொய் எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் வலித்தது. பி.ஏ. வரலாறு முடித்த நாளிலிருந்து மேலே படிக்க வேண்டும் என்று உள்ளே கிடந்த ஆசையை உங்கள் மகளிடம்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதை நீங்கள் யாரோ ஒருவரிடம் சர்வ சாதாரணமாகச் சொல்லியிருந்தீர்கள்.

பிறகு அந்த மழைநாள் வந்தது. மத்தியானம், அவள் டியூட்டியில் இருந்தாள். குழந்தைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கி உதடு வெளுத்துவிட்டது. மடியில் சாய்த்து, நெபுலைசர் மாஸ்க்கை முகத்தில் வைத்து, “மெதுவா, மெதுவா இழுடா கண்ணு” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீங்கள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். குழந்தை தூங்கிய பிறகு நீங்களே உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் காபி போட்டு வந்து கொடுத்தீர்கள். சர்க்கரை போட மறந்திருந்தீர்கள். நான் அப்படியே குடித்தேன்.

அடுத்த முறை பீச்சுக்கு என்னையும் கூப்பிட்டீர்கள். பெரியவர் பேச்சைத் தொடங்கும் முன்பே நீங்கள் சொன்னீர்கள்:

“எம் மாப்ள ஒண்ணும் படிக்கல. நான் சும்மா சொன்னேன். வீட்லதான் இருக்காரு. அவரு இருக்கறதாலதான் எம் பேத்தி இருக்கா.”

திரும்பி நடக்கும்போது, “பொய்தான் மாப்ள. ஆனா சொல்றப்போ எனக்கு நல்லாருந்துச்சு. ஒங்களுக்கு ஆச இல்லியா?” என்றீர்கள்.

“இருக்கு மாமா.”

“அப்பப் போய்ப் படிங்க. பாப்பாவ நான் பாத்துக்கறேன்.”

மறுநாளே நெபுலைசரில் மருந்து ஊற்றக் கற்றுக்கொண்டீர்கள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள். அடுத்த ஜூனில் சேர்ந்துவிடலாம் என்று நாம் பேசி வைத்திருந்தோம். மார்கழியில் ஒரு விடியலில் உங்களை எழுப்பப் போனேன். நீங்கள் எழுந்திருக்கவில்லை.

அந்த ஆசையை நானும் அப்படியே விட்டுவிட்டேன். வருடங்கள் போயின. மகள் வளர்ந்தாள், வீசிங் குறைந்தது. இந்த வருடம் யாருக்கும் சொல்லாமல் எம்.ஏ. நுழைவுத் தேர்வு எழுதினேன். பட்டியலில் பெயர் வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. நாற்பதைத் தாண்டியவனுக்கு இது எதற்கு? பள்ளி விட்டு வரும் பிள்ளை பூட்டிய வீட்டுக்கா வரவேண்டும்? மாலையில் திடீரென்று மூச்சு இழுத்தால்? சேருவதற்கான கடைசி நாள் நெருங்க நெருங்க, வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் பெருகிக்கொண்டே போயின.

கடைசியில் உங்கள் மகளிடம் விஷயத்தைச் சொல்லி, “மாமா இருந்திருந்தா அவருகிட்ட கேட்டிருப்பேன்” என்றேன்.

அவள் யூனிஃபார்மை மடித்துக்கொண்டே சிரித்தாள். “அப்பாவா? நீங்க கேக்கறதுக்குள்ள பீச்ல போய் சொல்லிட்டு வந்திருப்பாரு.” சிரித்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மடித்ததை அலமாரியில் வைத்துவிட்டு, “போங்க. மாலை டியூட்டிய மாத்திக் கேக்கறேன். முடியாத அன்னிக்கிப் பக்கத்து வீட்டக்கா பாத்துக்கும்” என்றாள்.

சேர்ந்துவிட்டேன் மாமா. வகுப்பில் எல்லோரும் சின்னப் பிள்ளைகள். முதல் நாள் பக்கத்திலிருந்த பெண், “சார், நீங்க எங்க ஒர்க் பண்றீங்க?” என்று கேட்டாள்.

“வீட்ல இருக்கேன்மா. சமைக்கறேன், பொண்ணப் பாத்துக்கறேன்.”

குரல் தாழவில்லை. அன்று பெரியவர் முன்னால் நீங்கள் சொன்னீர்களே, அந்தக் குரல்தான் எனக்கும் வந்தது. அவள் “சூப்பர் சார்” என்றுவிட்டு நோட்டைத் திறந்தாள்.

வகுப்பில் நடத்துவது பாதி புரிவதில்லை. காலாப்பட்டில் பல்கலைக்கழக வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. “என்ன மாப்ள, எப்பிடிப் போச்சு?” என்று கேட்க வீட்டில் நீங்கள் இல்லை. இருந்தும், கதவைத் தள்ளும்போது ஒவ்வொரு நாளும் ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறேன்.