ராணியக்காவின் குடம்

ஜன. 18, வியாழன்

காலையில் உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. கம்பளித் தொப்பியை வீட்டிலேயே விட்டுவந்த புத்திசாலி நான். காது இரண்டும் இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்கிறேன்.

குன்னூருக்கு மேலே எஸ்டேட் கெஸ்ட் ஹவுஸ். ஒரு வாரம் இங்கேதான். மூன்று வெளிநாட்டு மாணவர்களுக்கு மொழிபெயர்க்கும் வேலை. வாய் அதிகம் என்று கல்லூரியில் என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். கென்யா வஞ்சிரு, நேபாளம் பிரகாஷ், ஜெர்மனி லீனா. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதுதான் மூவருக்கும் எந்நேரமும் பேச்சு. லீனா பெட்டி நிறையக் கதைப் புத்தகம் கொண்டுவந்திருக்கிறாள். பிரகாஷ் மதியம் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தான், மூன்று தடவை.

பிறகு தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். சுகன்யா, ஒன்பதாவது. அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. இடுப்பில் இரண்டு வயதுத் தம்பி. பக்கத்தில் அம்மா முத்துலட்சுமி. ஏன் போகவில்லை என்று கேட்கச் சொன்னாள் லீனா.

“படிப்பு புடிக்கலீங்க்கா.”

அப்படியே மொழிபெயர்த்தேன். லீனாவுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆர்வம் வரவைக்கலாம் என்று புத்தகப் பெட்டியைத் திறந்தாள். சுகன்யா ஒரு புத்தகத்தை வாங்கித் தம்பி கையில் கொடுத்தாள். அவன் அட்டையைச் சப்பினான்.

ஜன. 19, வெள்ளி

வெயில். கெண்டைக்கால் வலி.

வஞ்சிரு காபியோடு வந்து உட்கார்ந்தாள். அவளும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையாம். அவள் அம்மாவும் கொழுந்து பறித்தவள்தான். இவ்வளவு நேரம் சொல்லவே இல்லை, அழுத்தக்காரி. சுகன்யா பொய் சொல்கிறாள் என்றாள். அம்மா பக்கத்தில் நின்றால் நானும் அதைத்தான் சொல்வேன், காலையில் தம்பியை யார் வைத்துக்கொள்வது என்று கேள் என்றாள்.

முத்துலட்சுமியக்கா வேலைக்குப் போன நேரம் பார்த்துக் கேட்டோம். விஷயம் இதுதான்: ஏழரைக்கு அம்மா மஸ்டரில், அதாவது வேலைக்கு வருகை எடுக்கும் இடத்தில், பெயர் கொடுக்க நிற்க வேண்டும். டவுன் பஸ்ஸும் அப்போதுதான். அதை விட்டால் பத்து மணிக்கு. எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். முன்பு பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டாராம், இப்போது அவர் திருப்பூரில். சுகன்யாவின் அப்பாவும் அங்கேதான், பனியன் கம்பெனியில்.

“அம்மாகிட்ட சொல்லிறாதீங்க்கா. என்னாலதான் உன்ற படிப்பு போச்சுன்னு அழுகும்.”

அரை மணி நேரத்துக்காக ஒரு படிப்பா? கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜன. 20, சனி

காப்பகத்து ஆயா ராணியக்கா. பேச்சு நறுக்கென்று இருக்கும். சீக்கிரம் திறக்க முடியுமா என்று கேட்டேன்.

“நா மாட்டேன்னா சொன்னேன்? ஏழு மணிக்குத்தான் கொழாய்ல தண்ணி வருது. என்ற கொடம் கடேசில நிக்குது. தண்ணி புடிக்காம எப்படீங்க ஊட்டை உட்டு வர்றது?”

குழாயடியில் வீட்டு வரிசைப்படி குடம் வைக்க வேண்டும். ராணியக்கா கடைசி வீடு. நாங்கள் பிடித்துத் தருகிறோம் என்று பிரகாஷ் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

“நீங்க புதங்கெழம போயிருவீங்க தம்பி. அப்புறம்?”

இரவு கெஸ்ட் ஹவுஸில் லீனா சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். புத்தகமா இங்கே பிரச்சினை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். புத்தகமும் வேண்டும்தான், முதலில் சாப்பிடு என்றேன்.

சோப்பு தீர்ந்துவிட்டது.

ஜன. 21, ஞாயிறு

எல்லோரும் குழாயடிக்குப் போனோம். காப்பகம் சீக்கிரம் திறந்தால் சுகன்யா பள்ளிக்கூடம் போகலாம், ராணியக்கா குடத்தை முதலில் வைக்க விடுவீர்களா என்று கேட்டேன். முத்துலட்சுமியக்காவும் இருந்தாள். முதல் வீட்டு சரோஜாக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“படிப்பு புடிக்கலைன்னு அந்தப் புள்ளையே சொல்லிருச்சு. புடிக்காத புள்ளைக்கு நா எதுக்கு வழி உடோணும்? இன்னிக்கு ஒரு கொடம், நாளைக்கு நாலு கொடம்.”

நியாயம்தான். முத்துலட்சுமியக்கா தலை குனிந்தாள். அப்போது பின்னாலிருந்து சுகன்யா:

“புடிக்குங்க அத்தை. எனக்குப் படிக்கோணும். அம்மா வருத்தப்படும்னுதான் மாத்திச் சொன்னேன்.”

முத்துலட்சுமியக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சரோஜாக்கா தன் குடத்தைக் காலால் ஓரடி பின்னுக்குத் தள்ளினாள். அதற்குப் பின்னால் இருந்த குடங்களும் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

இதை மூவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லத் திரும்பினேன். வஞ்சிரு ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

ஜன. 22, திங்கள்

பயங்கர மேகமூட்டம். ஏழே காலுக்கே காப்பகம் திறந்தாயிற்று. தம்பி ஊரைக் கூட்டி அழுதான். வஞ்சிரு தூக்கினாள், இன்னும் கத்தினான். ராணியக்கா பாலைக் காட்டியதும் கப்சிப். சுகன்யாவுக்கு இரட்டைச் சடை, கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்ட யூனிஃபார்ம்.

பஸ் நிரம்பி வந்தது. படிக்கட்டுப் பக்கம் நிற்க மட்டும் இடம். ஏறிவிட்டாள். மஸ்டருக்குப் போய்க்கொண்டிருந்த சரோஜாக்கா சட்டென்று திரும்பி வந்து, பஸ்ஸின் பக்கவாட்டில் படபடவென்று தட்டினாள்.

“ஏனுங்க டிரைவரு, எங்க புள்ள நின்னுட்டு வருது. வளைவுல பாத்துப் போங்க.”